பகல்வீட்டுச் சாவி ஆரு கையில?

உங்க கிளப்புக்காரங்க வயசானவங்களுக்குப் பகல்வீடு கட்டப் போறீங்களாமா கண்ணு? நெம்பச் சந்தோசம். ஃப்ளெக்ஸு பாத்தேன். நோட்டீசு படிச்சேன். யோகா உண்டு, டிவி உண்டு, லைப்ரரி உண்டு, என்னமோ கவுன்சிலிங்கும் உண்டுன்னு போட்டிருக்குது. கக்கூஸு மட்டும் காணோம். எழுத எடம் பத்தலையா?

கேரளத்துல வயசானவங்களுக்கும் பஞ்சமில்ல, அவங்களுக்குப் போடற திட்டத்துக்கும் பஞ்சமில்ல. 2011 கணக்குலயே நூத்துக்குப் பன்னெண்டு பேருக்கு மேல அறுவதத் தாண்டுனவங்க. இந்தியாவுலயே நாமதான் மொதலு. முதியோருக்குன்னு ஒரு கமிஷனுக்கே 2025-ல சட்டசபையில சட்டம் போட்டாச்சு. 1996-ல ஜனகீயாசூத்ரணம்னு மக்கள் திட்டம் வந்த பொறகு பஞ்சாயத்துக் கைக்குக் காசும் வருது. எல்லாம் இருக்குது சாமி. கதவத் தொறக்கத்தான் ஆளில்ல.

எங்க பக்கத்து ஊருல ஒண்ணு கட்டுனாங்க. ஊருப் பேரு வேண்டாம், மெம்பரு என்ற சொந்தக்காரன். உத்காடனத்தன்னைக்குச் செண்டை மேளம் என்ன, பொன்னாடை என்ன! செவுத்துல ஒரு கல்லு, கல்லு நெறையப் பேரு. அந்தப் பேரெல்லாம் மறுநாளு ஆளா வந்திருந்தாக்கூட ஒரு சீட்டுக் கச்சேரி நடந்திருக்கும். சாவி பஞ்சாயத்தாபீஸுல. ஆபீஸுக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போகோணும். முட்டி வலிக்காரன் சாவி வாங்கப் போவானா, சாயா குடிக்கப் போவானா?

ஆனைய வாங்குனவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுனானாம். காலையில ஆரு தொறக்கறது? ஆரு கூட்டறது? கட்டன் சாயாவுக்குத் தூளும் சக்கரையும் ஆரு வாங்கறது? வேலந்தாவளத்துக்கு அக்கட்ட தோட்டத்துக்குள்ள குடியிருக்கற கெழவி பங்குனி வெயில்ல நடந்தா வருவா? கட்டடத்துக்கு ஒருக்காக் குடுத்தாப் போதும், போட்டோவும் வரும். சாயாவுக்குத் தெனமும் குடுக்கோணும். தெனமும் குடுக்கறவனுக்கு எவன் பொன்னாடை போத்தறான்?

நடக்காதுங்கறியா? நடந்திருக்குது. 1993-ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜுல டாக்டருங்க சிலபேரு சேந்து, தீராத நோவுல கெடக்கறவங்களப் பாத்துக்கற பாலியேட்டிவுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. மலப்புறத்துக்காரங்க அதப் புடிச்சு ஊரூருக்கும் கொண்டு போனாங்க. காசு எங்கிருந்து? கடைக்காரரு, பஸ்ஸுக்காரரு, பள்ளிக்கொடத்துப் புள்ளைக, மாசம் அஞ்சு, பத்துன்னு போட்டது. நல்லா நடக்குதேன்னு சர்க்காரு 2008-ல அதக் கொள்கையாவே ஆக்குச்சு. இன்னிக்குப் பஞ்சாயத்து நர்சு படுத்த படுக்கையா இருக்கறவங்க ஊட்டுக்கே வந்து, புண்ணத் தொடச்சு, ட்யூப்ப மாத்திட்டுப் போறா. அந்த அஞ்சு ரூவாய்க்கு எந்தக் கல்லுலயும் பேரு வெட்டுல.

பென்ஷன் வருதேங்கற. வருது, இல்லேங்கல. 1600 இருந்தது 2025 நவம்பர்ல இருந்து 2000 ஆச்சு. பேங்கு வேண்டாம்னா சொசைட்டி ஆளு திண்ணைக்கே வந்து எண்ணிக் குடுக்கறான். அதுல டில்லிப் பங்கு எத்தனை தெரியுமா? அதும் எல்லாருக்கும் இல்ல. கெடைக்கறவனுக்கும் எம்பது ஆவற வரைக்கும் மாசம் 200. எம்பது ஆனா 500. அவசரப்பட்டுச் சாவாதீங்கன்னு ஆசை காட்டறாங்களாட்டருக்குது.

அந்தக் காசுக்கும் உசுரோட இருக்கறமுன்னு வருசா வருசம் மஸ்டரிங் பண்ணோணும். சர்க்காரு சேவை மையமான அக்‌ஷயாவுக்குப் போனா 30 ரூவா, அவங்க ஊட்டுக்கு வந்தா 50. பனையும் தென்னையும் ஏறிக் கள்ளெறக்குன கையி, ரேகை எங்க கண்ணு இருக்குது? வெரல வெச்சா இது நீ இல்லேங்குது மிஷினு. நாப்பது வருசமா என்ற சம்சாரம் சொன்னதையேதான் அதும் சொல்லுது. பொறகு கண்ணக் காட்டித்தான் தப்பிச்சேன். உன்ற கிளப்புல பைக்கு வெச்சுட்டுச் சுத்தறானுகல்ல, ஆளுக்கு ஒரு கெழவனப் பின்னால உக்காத்தி அக்‌ஷயாவுக்குக் கொண்டு போயிட்டு வரச் சொல்லு. அதுக்கு நோட்டீசும் வேண்டாம், கல்லும் வேண்டாம்.

இன்னும் மனசு கேக்கலைன்னா மூணாறுப் பக்கம் ஒருக்காப் போயிட்டு வா. அங்க என்ற கொழுந்தியா தேயிலை கிள்ளியே முதுகு வளைஞ்சவ. 58-ல வேலை முடிஞ்சுது. வேலை முடிஞ்சா லயத்த விட்டுப் போகோணும், அது கம்பெனி ஊடு. வயசான பென்ஷனோ 60-லதான். நடுவுல ரெண்டு வருசம் அவ எங்க உக்காந்து வயசாவறது? மகனுக்கு அதே எஸ்டேட்டுல வேலை இருந்தா அவன் லயத்துல ஒண்டிக்கலாம். இல்லைன்னா தேனிப் பக்கம் எவனோ ஒரு தம்பி ஊட்டுத் திண்ணை. அங்க போயி எங்களுக்கு யோகாச் சொல்லித் தாரேன்னு நில்லு பாக்கலாம். இடுப்பு வளையற வித்தைய அவ உனக்குச் சொல்லித் தருவா.

சரி, வசூலு எவ்வளவு ஆச்சு? பாதியக் கட்டடத்துல போடாத. ஊருக்கு நடுவுல வாடகைக்கு ஒரு ஊடு புடி. படியில்லாத ஊடாப் பாரு. குடும்பஸ்ரீப் பொம்பளைக ரெண்டு பேருக்குச் சம்பளம் பேசு. மிச்சத்த ஆட்டோக்காரன்கிட்டக் குடு. அப்பறம் எங்கள ஒக்கார வெச்சுட்டு ஸ்பீச்சு மட்டும் குடுக்காத. எங்களுக்குக் காது கேக்காதுன்னு ஆரோ உங்ககிட்டச் சொல்லியிருக்காங்க. கேக்கும். கேக்காத மாதிரி இருக்கறோம்.

ஆட்டோச் செலவுக்கு மொத மாசம் என்ற பங்கு நூறு ரூவா. ரசீது போட்டுத் தா. நம்பாம இல்ல கண்ணு, உன்ற தாத்தன்கூட நான் சீட்டுப் போட்டவன்.