மூணு சென்டும் ஆறு சென்டு வேலியும்

வா மருமவனே, உக்காரு. மூணு சென்ட் கிரயம் வாங்கி, ஆறு சென்டுக்கு வேலி போட்டிருக்கியாமே? கெட்டிக்காரன்தான். உனக்கு முந்தி ஒரு பெரிய கெட்டிக்காரன் இருந்தான், இத்தாலிக்காரன். அவன் கதையைக் கேட்டுட்டுப் போ.

1869-ல செங்கடல் ஓரம் அசாப்ல, கப்பலுக்குக் கரி போடணும்னு ரூபாட்டினோ கம்பெனி ஒரு துண்டு நிலம் வாங்குச்சு. காசு குடுத்துத்தான் வாங்குச்சு, பாவம். 1882-ல அரசாங்கம் அதை எடுத்துக்கிச்சு. 1885-ல மசாவா துறைமுகம். 1890-ல மொத்தத்துக்கும் எரித்திரியான்னு பேர் வச்சாச்சு. வேலிக்குக் கால் உண்டுடே!

பக்கத்துல எத்தியோப்பியா. 1889-ல மெனலிக் ராஜாவோட ஊச்சாலியில ஒரு ஒப்பந்தம், ரெண்டு பாஷையில. 17-வது ஷரத்துலதான் சூது. அம்ஹாரிக்குல, வெளிநாட்டு விவகாரத்தை இத்தாலி மூலமாப் பேசலாம்னு இருந்துச்சு. இத்தாலி பாஷையில, பேசணும்னு இருந்துச்சு. ஒரு ‘லாம்’, ஒரு ‘ணும்’. அதுல ஒரு தேசத்தையே மடக்கப் பாத்தான். மெனலிக் என்ன கைநாட்டா? 1896 மார்ச் 1, அட்வா மலையில வச்சு வெளுத்துட்டார்.

எரித்திரியா மட்டும் கையில மிஞ்சுச்சு. முசோலினி காலத்துல அஸ்மாராவுல கட்டடம் கட்டுற வெறி. 1938-ல ஆகாயவிமானம் கணக்கா ஒரு பெட்ரோல் பங்க், ஃபியட் தாலியேரோ. பக்கத்துக்கு 15 மீட்டர் கான்கிரீட் ரெக்கை, கீழ ஒத்தத் தூண் கிடையாது. சென்ட்ரிங் முட்டை உருவ ஆள் வரலையாம். வரைபடம் போட்ட பெத்தாட்ஸி துப்பாக்கியை நீட்டி உருவச் சொன்னாருன்னு கதை. நம்ம மேஸ்திரியா இருந்தா பாக்கிக் கூலியைக்கூடக் கேக்காம ஓடியிருப்பார்.

ரெக்கை இன்னும் நிக்குது. கட்டுனவன் எங்கே? விஷவாயு வீசி 1936-ல எத்தியோப்பியாவைப் பிடிச்சவன், அஞ்சு வருஷத்துல எல்லாத்தையும் விட்டான். 1941-ல பிரிட்டிஷ் படை கெரென் கணவாயை உடைச்சதுல 4-வது, 5-வது இந்திய டிவிஷன்காரங்களுக்குப் பெரிய பங்கு. ஏப்ரல் 1 அஸ்மாரா விழுந்துச்சு. அடுத்து வந்த வெள்ளைக்காரன் சும்மாவா இருந்தான்? மசாவாவுலேர்ந்து மலை உச்சிக்குச் சாமான் ஏத்துன 70 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ரோப்வேயைக் கழட்டிட்டான்.

சரி, பத்திரத்தை எடு. சாட்சிக் கையெழுத்துதானே, போடுறேன். அதுக்கு முந்தி சக்குபந்தியை நீ வாய்விட்டு வாசி. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாக் கேக்கும்.