வானத்திலிருந்து மெயில் வருமா?

கேள்வி: திருச்சியில் சிங்கப்பூர் விமானம் ஏறப்போகும் என் மகன், 'மேலே போனதும் மெயில் போடுறேம்மா' என்கிறான். நம்பலாமா? (வாசகி, அரியலூர்)

பதில்: மகனைத் தாராளமாக நம்புங்கள், அம்மா. விமானத்தை மட்டும் விசாரித்துவிட்டு நம்புங்கள்! எல்லா விமானத்திலும் வைஃபை கிடையாது. டிக்கெட் போடும்போதே அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

வங்காள விரிகுடாவின் நடுவே செல்போன் டவர் ஏது? விமானத்தின் முதுகில் இருக்கும் ஆன்டெனா செயற்கைக்கோளைப் பிடிக்கிறது. பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றும் வகை என்றால் அது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 'சாப்பிட்டாச்சும்மா' என்ற சேதி அவ்வளவு தூரம் ஏறி, தரைநிலையத்துக்கு இறங்கி, அப்புறம்தான் அரியலூருக்கு வரும். சேதி போய், பதில் திரும்பி வர அரை விநாடி ஆகும். மெயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வீடியோ பேச்சில்தான் இடிக்கும்.

போயிங் நிறுவனம் 2004-இல் லுஃப்தான்சா விமானங்களில் இந்தச் சேவையைத் தொடங்கி, 2006-இல் மூடவும் முடிவெடுத்தது. நம் நாட்டில் 2018 விதிகள்தான் வழிவிட்டன. அப்போது, நம் வான்வெளியில் 3,000 மீட்டர் தாண்டிய பிறகே இணையம் என்று வைத்தார்கள். ஏர் இந்தியா 2025 ஜனவரியில் உள்நாட்டுப் பயணங்களிலும் சில விமானங்களில் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் விண்ணுக்குப் போன நம் ஜிசாட்-என்2 செயற்கைக்கோளுக்கு விமான இணையமும் ஒரு வேலை. பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகள் கடல் தாண்டிப் பிழைக்கப் போகும் காலத்தில், இதைவிட நல்ல சேதி அம்மாக்களுக்கு ஏது?

வழியில் மெயில் வராவிட்டாலும் கலங்காதீர்கள். நாலரை மணி நேரப் பயணம்தான். சாங்கி விமான நிலையத்தில் வைஃபை இலவசம்.