டாக்டர் கண்ணில் படாமல் இளைப்பது எப்படி?

முதலில் பெல்ட்டைக் கவனியுங்கள். கடைசி ஓட்டையும் போதவில்லை என்றால் பதற வேண்டாம். ஆணியைச் சுட்டுப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் இன்னும் நேர்த்தியாகப் போட்டுத் தருவார். எடை மெஷின் பக்கம் மட்டும் போகாதீர்கள். 70 கிலோ ஆள், பத்தியமோ பட்டினியோ இல்லாமல் ஒரு வருடத்துக்குள் 3.5 கிலோ, அதாவது 5 சதவீதம் இறங்கினாலே, மருத்துவர்கள் ஏன் என்று துருவ ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்ன சார், பாதியா ஆயிட்டீங்க?" என்று யாராவது கேட்டால், "வாக்கிங்" என்று சொல்லுங்கள். தெருமுனை டீக்கடைக்குப் போவதும் வாக்கிங்தான். கேட்டவர் பொறாமைப்படுவார். நம் ஊரில் இளைத்தவனுக்குக் கிடைக்கிற பாராட்டு வேறெந்த நோயாளிக்கும் கிடைப்பதில்லை.

வயிற்றுக்கு வருவோம். நாலு வாய் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுகிறதா? கேஸ். சோறு நெஞ்சில் அடைத்து, தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டியிருக்கிறதா? அதுவும் கேஸ். மெடிக்கல் ஷாப் தம்பியிடம் பான்டோப்ரசோல் ஒரு அட்டை வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள். எரிச்சல் அடங்கும். உள்ளே இருப்பது புண்ணோ புற்றோ, கொஞ்ச காலம் அதையும் சத்தம் காட்டாமல் வைத்திருக்கும் உத்தமமான மாத்திரை அது. அட்டை தீர்ந்தால் இன்னொரு அட்டை.

மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுத்துப் போனால் நேற்றைய கத்தரிக்காய்மேல் பழி போடுங்கள். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும். சாப்பிடாதவர் வேறு கதை தேட வேண்டும்.) சிவந்து போனால் மூலம். மாடிப்படியில் மூச்சு வாங்கினால் வயசு. வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கும் சாயங்காலக் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், குடல் காசநோயோ என்றெல்லாம் குழம்பாமல் ஹோட்டல் சாம்பாரைத் திட்டுங்கள். 60 தாண்டிய பிறகு புதிதாகச் சர்க்கரையும் வந்து உடம்பும் இளைத்தால், எல்லாம் சர்க்கரையால்தான் என்று முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணையத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம் என்பார்கள்.

இவ்வளவு பாடுபட்டும் டாக்டர் முன்னால் உட்காரும்படி ஆகிவிட்டால், "லேசா கேஸ் டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முக்கியமாக, மனைவியைக் கூட்டிப் போகாதீர்கள். "இவராவது வாக்கிங் போறதாவது! ரெண்டு இட்லி இறங்க மாட்டேங்குது டாக்டர், பேன்ட்டெல்லாம் ரெண்டு தடவை பிடிச்சுக் குடுத்துட்டேன்" என்று போட்டு உடைத்துவிடுவார். அப்புறம் என்ன, ஹீமோகுளோபின் பார்க்கச் சீட்டு எழுதி, எண்டோஸ்கோபிக்கு நாளையே வெறும் வயிற்றோடு வரச் சொல்லிவிடுவார்கள்.