எடை குறையுது மாப்ளே

உக்காருங்க மாப்ளே. கோவிச்சுக்காம கேக்கணும். கண்ணு ஆபரேசனுக்காக வளத்தியிலேருந்து வந்து, பத்து நாளா உங்க வூட்டுல உக்காந்த இடத்துல சோறு திங்கறேன். தின்ன சோத்துக்கு நாலு வார்த்தை புகழ்ந்துட்டாவது போகணும் இல்லியா?

உங்களை மாதிரி பொஞ்சாதி மேல பாசம் வெச்ச ஆம்பளையை நான் பார்த்ததே இல்ல. ராத்திரி டிவி முன்னாடி பீடி பத்தவெக்கறதுக்கு முன்ன, எழுந்து போய் தெருச் சன்னலைத் திறக்கறீங்க பாருங்க, அடடா! அப்புறம் ஃபேனை அஞ்சுல வெக்கறீங்க. அதுக்கும் அப்புறம், "ஏம்மா, புகை உனுக்கு ஆவாது, நீ கொஞ்சம் உள்ள போய் உக்காரு"ன்னு அஞ்சு மாசப் புள்ளத்தாச்சியை எழுப்பி அனுப்பறீங்க. அவளும் இடுப்பைப் புடிச்சிக்கினு எழுந்து போறா. பாவம், பீடிக்குக் கால் இல்ல, அதால நடந்து வெளியே போக முடியாது. உங்களுக்குக் கால் இருக்குதுன்னு போன வாரம்தான் கவனிச்சேன். எனக்கு ஒரு கண்ணைத்தான் கட்டியிருக்காங்க, இன்னொண்ணு திறந்துதான் இருக்குது.

கடைத்தெருவுல சிகரெட்டு, வூட்டுக்குள்ள பீடி. அதையும் கவனிச்சேன். வெளி ஆளுக்கு உசத்தி சரக்கு, வூட்டாளுக்கு மட்ட சரக்கு. மண்டி வச்சிருக்கிறவரு, சரக்கு பிரிக்கத் தெரியாதா!

நம்ம செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்குங்க. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை, மூணையும் சேர்த்து மதிலு, சுத்தி அகழி. ஔரங்கசீப்போட தளபதி சுல்பிகர்கான் 1690லேருந்து 1698 வரைக்கும் வெளியிலேயே வளைச்சுக்கினு கெடந்தான். பெரிய பெரிய பீரங்கியெல்லாம் வெச்சிருந்தான், ஆனா விவரம் பத்தல. உள்ள சன்னலைத் திறந்து வெச்சிக்கினு பீடி புடிக்கிற மாதிரி ஒரு மாப்பிள்ளையை அனுப்பியிருந்தா எட்டு வருசம் எதுக்கு, எட்டு நாள் போதும்.

அந்தக் கோட்டையில கல்யாண மகால் நிழல்ல போய் ஒரு பீடி பத்தவெச்சுப் பாருங்களேன். வாட்ச்மேன் விசில் ஊதிக்கினு ஓடியாருவான். 2025 சூலையில யுனெஸ்கோகாரங்க மராட்டியர் கோட்டைங்களோட நம்ம கோட்டையையும் சேர்த்து உலகச் சொத்துன்னு அறிவிச்சப்ப, மண்டியில எல்லாருக்கும் லட்டு கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்குதா? இடிஞ்ச கல்லு மேல புகை படக் கூடாது. சரியான சட்டம்தான். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, ஓட்டலு, எங்கயும் புடிக்கக் கூடாதுன்னு 2008 அக்டோபர் 2லேருந்து நாடு பூரா இருக்குது, மீறினா 200 ரூபா வரைக்கும் அபராதம். திண்டிவனம் பஸ்ஸுக்கு நிக்கிற முன்னபின்ன தெரியாத பொம்பளையைக் காப்பாத்த ஒரு சட்டம் இருக்குது. உங்க வூட்டு வாசப்படி ஏறினா அந்தச் சட்டம் செருப்பை வெளியில கழட்டிப்புட்டு அங்கேயே நின்னுடுது. உள்ள நீங்கதான் கலெக்டரு, நீங்கதான் எஸ்.பி.

2016-17ல ஒரு கணக்கு எடுத்திருக்காங்க. நாட்டுல நூறு பெரியவங்கள்ல 38.7 பேரு சொந்த வூட்டுக்குள்ளயே அடுத்தவன் புகையைக் குடிக்கிறாங்களாம். அதுக்கு ஏழு வருசம் முந்தி 52.3 பேரு. பரவால்ல, குறைஞ்சு போச்சுன்னு சந்தோசப்பட்டேன். இங்க வந்தப்புறம்தான் மீதி எங்க தங்கியிருக்குதுன்னு தெரிஞ்சுது.

இதெல்லாம் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு பார்க்கறீங்க. கண்ணைக் கட்டிப்புட்டாங்களே, பேப்பர் படிக்க முடியலியேன்னு மத்தியானத்துல என் பேத்திதான், உங்க வூட்டுக்காரிதான், போன்ல படிச்சுக் காட்டறா. கொலை, கொள்ளை, வாய்க்கா தகராறு எதுனா படிம்மான்னு சொன்னா, தேடித் தேடிப் பீடிப் புகையையே படிக்கிறா. அதுவும் நீங்க பக்கத்து ரூம்ல படுத்திருக்கறப்ப கொஞ்சம் சத்தமா. யாருக்குப் படிச்சான்னு எனக்குத் தெரியாதா மாப்ளே? நீங்கதான் குறட்டை வுட்டுக்கினு கெடந்தீங்க.

சரி, எனக்குத் தெரிஞ்ச தொழிலுக்கு வரேன். மார்க்கெட் கமிட்டியில முப்பது வருசம் மூட்டை எடை போட்டவன் நான். நெல்லு, மல்லாட்டை, எள்ளு எல்லாம் என் தராசுல ஏறி இறங்கினதுதான். 75 கிலோ மூட்டையில நூறு கிராம் குறைஞ்சா இன்னா கூத்து அடிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்க அப்பா காலத்துலேருந்து பார்க்கறேன். இப்ப ஒரு சின்ன எடை சொல்றேன், கேளுங்க. பல நாட்டு ஆராய்ச்சியை ஒண்ணா கொட்டி அலசி 2008ல டாக்டருங்க எழுதினாங்க: தானா புடிக்காம, அடுத்தவங்க புகையில மட்டும் இருந்த தாய்க்குப் பொறந்த கொழந்தை சராசரியா 33 கிராமாவது குறையுதாம்.

தோ, சிரிக்கறீங்க. ஒரு கைப்பிடி மல்லாட்டைதானேன்னு தோணுது. ஆனா கொழந்தைக்கு ரெண்டரைக் கிலோன்னு ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க, அதுக்குக் கீழ போனா எடை குறைஞ்ச கொழந்தைன்னு தனியா எழுதுவாங்க. 2 கிலோ 510ன்னு தாண்டி நிக்க வேண்டியது, 33 போனா 2 கிலோ 477. நம்ம கமிட்டியில பத்து கிராமுக்குக் கோடு தாண்டாத சரக்கு இன்னா பாடு படும்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் இந்தச் சராசரி இருக்குதே, அதை நம்பவே கூடாது. நூறு மூட்டைக்குச் சராசரி சொல்லுவான், அதுல எந்த மூட்டைய எலி கடிச்சுதுன்னு சொல்ல மாட்டான்.

எடையோட முடியல. 2011லயும் ஒரு கணக்கு போட்டாங்க. பொறந்தும் அழாத கொழந்தைங்க கணக்கு அது. நல்ல காரியம் நடக்கப்போற வூட்டுல அதை நான் வாயால சொல்ல மாட்டேன். அவளும் அந்தப் பக்கத்தைப் படிக்காம தள்ளிப்புட்டா. அவ தூங்கினப்புறம் போனை எடுத்து, இருக்கற ஒரு கண்ணால நான் படிச்சேன்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை பஸ்ஸு வந்து நின்னதும் சன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிப்பாங்களே, பீடிப் புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடு அந்த வேலையைத்தான் பண்ணுது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய சீட்டுல துண்டைப் போட்டு இது உக்காந்துக்கும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கிப் புடிக்குமாம், கண்டக்டர் வந்தாலும் எழுந்திரிக்காது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கொழந்தை ரத்தத்துக்கும் போயிடும். நிகோட்டின் வேற ரத்தக் குழாயைச் சுருக்கிப்புடும், மடைவாய்ல கல்லு வெச்ச மாதிரி. முத்துலட்சுமி ரெட்டி பேர்ல கவர்மெண்டு பெட்டகம் கொடுக்குது, பேரீச்சம்பழம், நெய்யி, இரும்புச்சத்து டானிக்குன்னு. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நர்சம்மா ரத்தம் ஏறுச்சான்னு பார்க்கறாங்க. அவங்க பஸ்ஸு விடறாங்க, நீங்க துண்டு போடறீங்க.

சன்னலைத் திறந்தா போயிடும்னு சொல்றீங்க. நீங்க இழுத்து ஊதறது கொஞ்சம்தான் மாப்ளே. ரூம்ல நிக்கிற புகையில முக்காவாசிக்கு மேல, உங்க விரல் இடுக்குல சும்மா எரிஞ்சுக்கினு இருக்குதே, அந்த நுனியிலேருந்து வர்றது. சன்னல் வழியா கொஞ்சம் போவும், மீதி மெத்தை, தலகாணி, தெரைச்சீலைன்னு குடித்தனம் பண்ணும். அமெரிக்காவுல 2006லயே அரசாங்க டாக்டர் அறிக்கை வுட்டுட்டாரு, சன்னலாலயும் ஃபேனாலயும் ஆவாது, வூட்டுக்குள்ள புடிக்காம இருக்கறது ஒண்ணுதான் வழின்னு. நீங்க ஊதுவத்தி கொளுத்தி, ஹால்ஸ் முட்டாய் போட்டுக்கினு அதே சட்டையோட அவ பக்கத்துல படுக்கறீங்க. பீடிக்கு மேல ஊதுவத்தி, சட்டினிக்கு மேல சாம்பார் மாதிரி.

நேத்து நீங்க ஒரு போடு போட்டீங்க, நான் மறுக்கல. நம்ம விழுப்புரம் மாவட்டத்துலயும் நாகப்பட்டினத்துலயும் புள்ளத்தாச்சிங்களுக்கு கேஸ் அடுப்பு கொடுத்து ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க. குவாத்தமாலா, பெரு, ருவாண்டான்னு இன்னும் மூணு நாட்டுலயும் சேர்த்து 3,200 தாய்ங்க. வெறகடுப்புப் புகை நல்லாவே குறைஞ்சுது. ஆனா 2022ல முடிவு வந்தப்ப, கொழந்தை எடையில பெருசா வித்தியாசம் இல்ல, ரெண்டு பக்கமும் 2.9 கிலோ சுமாருக்கு நின்னுது. "பார்த்தீங்களா தாத்தா, புகை ஒண்ணும் பண்ணாது"ன்னு காலை ஆட்டிக்கினு சொன்னீங்க. நல்ல வக்கீலு. ஆனா அது அடுப்புப் புகைக்குப் போட்ட தராசு. அதுலயும் கேஸ் வர்றதுக்குள்ள பல பேருக்கு மூணு நாலு மாசம் தாண்டிப் போச்சு. ஒரு மூட்டை எடையை இன்னொரு மூட்டை மேல எழுதினா கமிட்டியில அதுக்குத் திருட்டுன்னு பேரு. அப்புறம், அடுப்பு புகைஞ்சா வூட்டுக்குச் சோறாவது வரும்.

சப்பான்ல ஹிராயாமான்னு ஒருத்தரு, புகையே புடிக்காத 91,540 பொஞ்சாதிங்களை 14 வருசம் கவனிச்சு 1981ல எழுதினாரு. புருசன் ஊதித் தள்ளின வூட்டுல பொஞ்சாதிக்கு நுரையீரல் புத்துநோய் அதிகம். அம்மாம் பெரிய கணக்கை நாம எதுக்குப் போடணும், ஒரு பொஞ்சாதிதானே நமக்கு.

உங்க அப்பா விசயம் தனி. சம்பந்தி கட்டில்ல சாஞ்சிக்கினு சுருட்டு புடிச்சா, மருமவ எப்படி வாய் தொறப்பா? நீங்களும் தொறக்க மாட்டீங்க, உங்களுக்குச் சுருட்டே அவருதான் கத்துக்கொடுத்தாரு. அதான் முந்தாநேத்து கயித்துக் கட்டிலைத் தூக்கி வேப்பமரத்தடியில போட்டேன். "இங்க உக்காந்தா தெருவுல யாரு எங்க போறா, யாரு கூட போறான்னு எல்லாம் தெரியும் சம்பந்தி"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னேன். மனுசன் சோறு திங்கக்கூட உள்ள வர மாட்டேங்கறாரு.

நான் யோக்கியன்னு சொல்ல வரல. அந்தக் காலத்துல ஒரே ரூம்பு, அதுலயே அடுப்பு, அதுலயே என் பீடி, அதுலயே மாசமா இருந்த உங்க வூட்டுக்காரியோட ஆயா. பொறந்த பொண்ணை நர்சு தராசுல தொங்கவிட்டு ரெண்டே கால் கிலோன்னாங்க. ஊரான் மூட்டைக்கெல்லாம் எடை ஏன் குறைஞ்சுதுன்னு துருவித் துருவிக் கேட்டவன், அன்னிக்கு வாயைத் தொறக்கல. பீடிதான் காரணம்னும் அடிச்சுச் சொல்ல முடியாது, அவளுக்கு அப்ப வயிறு நிறையச் சோறே இல்ல. அந்த ரெண்டே கால் கிலோதான் இன்னிக்கு உங்க மாமியாரு. இப்பத்தி எடையைப் பத்தி நான் பேசறதா இல்ல.

பீடிக் கட்டு மேல ஒரு படம் போட்டிருக்கான். அதைப் பார்த்தா சோறு இறங்காது, வுடுங்க. அதுகூட ஒரு நம்பரு இருக்கும், 1800-11-2356. காசில்லாத போன். வுடணும்னு தோணினா அவங்ககிட்ட பேசலாம். அதுவரைக்கும் புடிச்சுதான் ஆவணும்னா திண்ணை வேணாம், மாடிப்படி வேணாம், கேட்டுக்கு அந்தாண்ட. தீப்பெட்டியை வூட்டுல வெக்காதீங்க, முக்குக் கடையிலேயே குடுத்து வெச்சுடுங்க. ஒவ்வொரு தடவையும் சட்டையை மாட்டிக்கினு, செருப்பைத் தேடிக்கினு அம்மாந்தூரம் நடக்கணும். பத்து பீடி புடிக்கிறவரு தானா அஞ்சுக்கு வருவீங்க, நடக்கறதுன்னா உங்களுக்கு எவ்ளோ புடிக்கும்னு எனக்குத் தெரியும்.

இன்னா, என் கட்டிலுக்கு அடியில கை காட்டறீங்க? கொசுவத்தி... ஆமாம், நான்தான் கொளுத்தினேன். அதைப் பத்தியும் அவ படிச்சாளா? 2003ல சீனா, மலேசியாக் கொசுவத்தியை எரிச்சுப் பார்த்ததுல, ஒரு சுருளுலேருந்து வர்ற நுண்தூசி 75லேருந்து 137 சிகரெட்டுக்குச் சமமா? இதை மட்டும் முழிச்சிக்கினு கேட்டீங்களா மாப்ளே!

சரி, அணைச்சுட்டேன். சட்டையைக் கழட்டிக் கொடியில போட்டுட்டு, கையி வாயைக் கழுவிக்கினு வாங்க. கொசுவலை பரண் மேல இருக்குதுன்னா. ஒத்தைக் கண்ணோட நான் ஏற முடியாது, நீங்கதான் எடுக்கணும். ஆணியும் சுத்தியும் எங்க வெச்சிருக்கீங்க?