மஞ்சள் லைட் அண்ணன்

கோவையில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்கள் கூடும் டீக்கடை எதுவானாலும் அங்கே இந்த அண்ணன் ஒருவர் இருப்பார். சேறு பூசிய ஜீப், கூரையில் லைட் பார், முன்னால் வின்ச். கண் மட்டும் டாஷ்போர்டிலேயே. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது வண்டியே வரையாட்டைப் பார்த்து வாய்பிளக்கும், இவர், "இப்ப ஒரு செகண்டு ஏபிஎஸ் லைட் வந்துட்டுப் போச்சு, கவனிச்சீங்ளா?" என்பார்.

சிவப்பு லைட்டின் மேல் அவருக்கு மரியாதை கிடையாது. ஆயில் பிரஷர் லைட் எரிந்தால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டியதுதான். ஆராய்ச்சிக்கு அதில் இடமேது? மஞ்சள்தான் அவர் ராஜ்ஜியம். அதிலும் மேட்டில் எரிந்து, இறக்கத்தில் அணைந்து, சர்வீஸ் சென்டர் வாசலைக் கண்டதும் பரமசாதுவாகிவிடும் லைட் என்றால் அன்றைக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

விஷயம் தெரியாத ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஹில் அசிஸ்ட் மூன்றும் சேர்ந்து எரிந்தால் மூன்று கோளாறு என்று நாம் பதறுவோம். "ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு ஸ்பீடு சென்சார் இருக்குதுங்க. அதுல ஒண்ணுல சேறு அடைச்சாப் போதும், அதை நம்பி இருக்கற மூணும் ஒண்ணா அழுகும்" என்பார். சரியான பேச்சு. அதோடு நிறுத்தினால் தங்கமான மனுஷன். நிறுத்தமாட்டார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டில் செருகும் குட்டி ஸ்கேனர் சட்டைப்பையிலேயே இருக்கும். செருகினால் செல்போனில் கோடு வரும். 'யு'வில் தொடங்கும் கோடு வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் சொன்னது இன்னொன்றுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். "பிரேக் கம்ப்யூட்டருக்கும் கியர் கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க" என்று பங்காளிச் சண்டையைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்துவார். கையோடு கோடை அழித்தும் விடுவார். எந்த வேகத்தில், என்ன சூட்டில் கோளாறு வந்தது என்று வண்டி குறித்துவைத்திருந்தால் அதுவும் சேர்ந்து அழியும். கேட்டால், "மறுபடி வருமில்லீங்?" வரும் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒருமுறை கொழுக்குமலைக்குப் போனார். தோட்டம் தேனி மாவட்டத்தில். ஜீப் பாதை ஏறுவதோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. உள்ளூர் ஜீப்பில் போவதுதான் அங்கே வழக்கம். தன் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு அண்ணன் ஏறிய ஜீப்பில் முள் எதுவும் அசையவில்லை, லைட் எதுவும் எரியவில்லை. பாறைமேல் குதித்துக் குதித்து அது ஏற, இவர் தன் வண்டியின் விளக்குப் புராணத்தை எடுத்துவிட்டார். டிரைவர் பொறுமையாகக் கேட்டார்.

"வண்டி இழுக்குதா சார்?"

"இழுக்குது."

"பிரேக்கு பிடிக்குதா?"

"பிடிக்குது."

டிரைவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆளுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது என்று அண்ணன் இன்றும் வருத்தப்படுகிறார்.

கடைசியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் பையன்தான் கதையைக் கெடுத்தான். பேட்டரியில் மீட்டர் வைத்தான். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட், பழுதில்லை. எர்த் கம்பியைப் பிடித்து ஆட்டினான். டாஷ்போர்டில் தீபாவளி.

"ஏனுங்ணா, புதுசா என்னென்ன மாட்டுனீங்க?"

லைட் பார், வின்ச், கம்ப்ரஸர், குட்டி ஃபிரிட்ஜ். அத்தனையின் எர்த்தும் ஒரே போல்ட்டில். அந்த போல்ட்டும் துருப்பிடித்து லூஸ். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கிவிட்டான். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

"சென்சார் மாத்த வேண்டாமா தம்பி?"

"வேண்டாங்ணா."

"ஒண்ணாவது?"

போன வாரம் அண்ணனிடமிருந்து போன். குரல் செத்துப்போயிருந்தது. "அன்னைலேர்ந்து ஒரு லைட்டும் வர மாட்டேங்குதுங்க."

"நல்லதுதானே? சந்தேகம்னா சாவி போட்டதும் எல்லாம் ஒருதரம் எரிஞ்சு அணையுதான்னு பாருங்க."

"பாத்துட்டேன். எல்லாமே எரியுது. பல்புல குறையே இல்லீங்க. அப்புறம் ஓட்டும்போது மட்டும் ஏன் எரிய மாட்டேங்குது?"