தெஎசா: காடா, கழனியா, பன்றித் தொழுவமா? ஒரு முன்னாய்வு

ஸ்பானிய மொழியில் விளைநிலத்துக்கு ஒரே சொல் போதும் என்று நம்பும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இவ்வாய்வு சமர்ப்பணம். நோக்கம், எல்லை, எல்லையின் நோக்கம் மூன்றும் இங்கே விளக்கப்பட வேண்டும், விளக்கப்பட்டதாகக் கொள்க.

முதல் வகை செகானோ. மானாவாரி. வானம் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது ரெகதீயோ, பாசன நிலம். மூன்றாவதில் இருவர்: உவேர்த்தோ சின்னத் தோட்டம், உவேர்த்தா, வலென்சியாவில் இருப்பதுபோல, வாய்க்கால் பாயும் பெருந்தோட்டவெளி. அங்கே தண்ணீர்த் தகராறு வந்தால் வியாழக்கிழமை நண்பகல் தேவாலய வாசலில் விவசாயிகளே உட்கார்ந்து வாய்மொழியாக விசாரித்து, அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். அடிக்குறிப்பு கிடையாது. ஆய்வுலகம் இதை எப்படிச் சகித்துக்கொள்கிறது என்பது விளங்கவில்லை.

நான்காவதுதான் நம் தலைவலி: தெஎசா. எழுத்தில் ஹகரம் உண்டு, வாயில் கிடையாது. எஸ்த்ரெமதூராவில் கருவாலி மரங்கள் எட்ட எட்ட நிற்கும்; கீழே புல். ஆகவே காடு என்பது ஒரு கட்சி (காண்க: மேற்படி நூல், மேற்படி பக்கம்). ஆடுமாடு மேய்வதால் மேய்ச்சல் நிலம் என்பது மறுகட்சி (காண்க: மேற்படி நூலுக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, பின்னிணைப்பு ஈ, கிழிந்துபோன பக்கம்). இடையிடையே தானியமும் விதைப்பதால் வயல் என்போர் சமரசவாதிகள், இவர்கள் தங்களை மட்டுமே மேற்கோள் காட்டுவர் (காண்க: நான், முன்பு, நான், அதற்கும் முன்பு, நான், அச்சில்). இவர்களில் பலர் தெஎசாவை மிதித்ததில்லை. செருப்பில் சேறு ஒட்டுவது முறையியல் பிழை.

சொல்லின் வேர் லத்தீனில் 'காக்கப்பட்டது' என்ற பொருளில் இருக்கிறது. பிறர் கால்நடை நுழையாமல் அடைத்த நிலம். மரப்பட்டையைத் தக்கைக்காக ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கும் தெஎசாக்களும் உண்டு. அப்படியானால் தொழிற்பேட்டையா என்ற வினாவை அடுத்த கருத்தரங்குக்கு விடுகிறோம், பயணப்படி உண்டாம்.

1713இல் தோன்றிய ஸ்பானிய அரச மொழிக்கழகம் 1726 தொடங்கி 1739க்குள் ஆறு தொகுதி அகராதி போட்டது. ஐபீரியப் பன்றி அதில் ஒன்றையும் புரட்டாமல், அக்டோபர் வாக்கில் தெஎசாவுக்குள் புகுந்து, மரத்தடியில் உதிர்ந்த கொட்டைகளை மாசிவரை மூக்கால் கிளறித் தின்கிறது. அந்தத் தொடைக்கறிக்கு உலகெங்கும் கிராக்கி. மேற்கண்ட கட்சிகளில் எதற்கும் அப்படியில்லை.

அட்லாண்டிக்குக்கு அப்பால் பெருவில் சாக்ரா, மெக்சிகோவில் மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் கலந்து வளரும் மில்பா. நிதி வந்தால் இரண்டாம் தொகுதி.

பரிந்துரை: மானாவாரி, பாசனம் இரண்டையும் தமிழிலேயே எழுதுங்கள். தெஎசாவைத் தெஎசா என்றே விடுங்கள். அடைப்புக்குறி போடாதீர்கள்.