நிழல் தேடிய குடும்பத் தலைவர்

நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தின் மொத்த வனவளம், முதல் மாடிக்காரர் வாசலில் வைத்திருக்கும் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. அதையும் அவர் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார். ஆகவே குடும்பத்தை ஒருநாள் மரமுள்ள இடமாகப் பார்த்து அழைத்துப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஏற்காடு என்றால் பர்ஸ் தாங்காது. அடையாறு என்றால் பெட்ரோலோடு போயிற்று.

அட்டவணை போடுவதில் நான் கெட்டிக்காரன். ஆபீசில் ஆடிட் வந்தால் அட்டவணை போடுவது நான்தான். வேலை செய்வது மற்றவர்கள். காலை பிரம்மஞான சபை, பிறகு கலாக்ஷேத்திரா, மதியம் மர நிழலில் சாப்பாடு, அதே நிழலில் சிறு தூக்கம், மாலை அஷ்டலட்சுமி கோயில், கடைசியில் பெசன்ட் நகர் கடற்கரை என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மகள் படித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை சபைக்கு லீவுப்பா" என்றாள். சனிக்கிழமைக்கு மாற்றினேன். பையனின் ஸ்பெஷல் கிளாஸ் அடிபட்டது. அந்த வகையில் ஒருவனாவது என்னை வாழ்த்தினான்.

குடும்பத்தைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, காரை நிழலில் நிறுத்தப் போனேன். கஸ்தூர்பா நகர்ப் பக்கம் மரங்களுக்குக் குறைவில்லை, வீடுகளுக்கும் குறைவில்லை, வீட்டுக்கொரு கேட், கேட்டுக்கொரு பலகை. "கேட் முன் வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்." இரண்டு கேட்டுகளுக்கு நடுவே, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில், காருக்கு என்றே அளவெடுத்த மாதிரி ஓர் இடம் கிடைத்தபோது நான் சபையிலிருந்து வெகுதூரம் வந்திருந்தேன். கார் குளுகுளுவென்று நின்றது. நான் வெயிலில் நடந்து வந்தேன்.

உள்ளே 250 ஏக்கருக்கு மேல் தோப்பு. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய சபை 1882-இல் அடையாற்றுக்குக் குடிவந்த கதையையும், பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் இந்த ஆற்றங்கரைத் தோட்டத்தை வாங்கிய கதையையும் முதல்நாளே படித்து வைத்திருந்தேன். ஆரம்பித்தேன். அம்மா நின்று கேட்டாள்.

"பட்டா யார் பேர்லப்பா இருக்கு?"

அது நான் படித்ததில் இல்லை. பேச்சை மரங்களுக்கு மாற்றினேன். பக்கத்தில் இருந்ததைக் காட்டி, "இது வேம்பு வகை" என்று பையனிடம் சொன்னேன். "புங்கை" என்றாள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். மாயவரத்துக்காரியை வைத்துக்கொண்டு தாவரவியல் பேசக் கூடாது. அதன்பின் எல்லா மரத்தையும் "பழைய மரம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். அது ஒன்றும் பொய்யாகவில்லை.

ஆலமரம் மட்டும் நிஜமாகவே என் வாயை அடைத்தது, சுமார் ஒரு நிமிஷம். 450 வயது என்கிறார்கள். அன்னி பெசன்ட் பேசியது, ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசியது எல்லாம் இதன் நிழலில்தான். விழுதுகள் தரை தொட்டு, தூணாகி, எது தாய் எது பிள்ளை என்று தெரியாமல் நிற்கின்றன. மகளுக்குச் சொன்னேன்: "1989 புயல்ல அடிமரமே விழுந்துடுச்சும்மா. ஆனா பாரு, விழுதெல்லாம் சேர்ந்து மரத்தைத் தாங்கிட்டு இருக்கு. அடிமரம் இல்லாததே தெரியலை, இல்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். மனைவி மரத்தைப் பார்த்தாள்; பிள்ளைகளைப் பார்த்தாள்; கடைசியாக என்னைப் பார்த்தாள். "ஆமாங்க, தெரியவே இல்லை" என்றாள். எங்கள் ரேஷன் ஸ்மார்ட் கார்டில் ஏற்கெனவே குடும்பத் தலைவி என்று அவள் படம்தான் இருக்கிறது. நான் வேறு பக்கம் நடந்தேன்.

சபைத் தோட்டம் கட்டுச்சோறு பிரிக்கும் இடமல்ல. அட்டவணையில் இரண்டு வரி அடிபட்டன. கலாக்ஷேத்திராவை, வண்டியை மெதுவாக ஓட்டி, வெளியிலிருந்தே தரிசித்தோம். 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கியது, 1977-இல் மொரார்ஜி தேசாய் கேட்டும் குடியரசுத் தலைவர் பதவி வேண்டாம் என்று சொன்னவர் அவர் என்றேன். "அந்தம்மாவை வேணுமான்னாவது கேட்டாங்க. சமையக்கட்டு வேணுமான்னு என்னை யாரு கேட்டா?" என்றாள் மனைவி. காரில் ஏசி வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் சாப்பாடு பழைய தூங்குமூஞ்சி மரத்தடியிலேயே நடந்தது. பானெட் மேல் செய்தித்தாள் விரித்து, புளியோதரைத் தூக்கு, உருளைக்கிழங்கு ரோஸ்ட், அப்பளம். அப்பளத்தை எடுக்க நான் கை நீட்டுமுன் ஒரு காக்கை முந்திக்கொண்டது. மேலேயிருந்து ஏதோ பிசுபிசுவென்று சொட்டியது. அது மரம் போட்டதா, அதில் குடியிருப்பவர்கள் போட்டதா என்று ஆராய நேரமில்லை; தட்டைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிட்டேன். அப்போது எதிர் கேட்டைத் திறந்துகொண்டு வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் வந்தார். டயர் காற்றுக்காகத்தான் வருகிறார் என்று சாவியைத் தேடினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. "நீங்க மாயவரம் பக்கமா?" என்று அம்மாவைக் கேட்டார், பேச்சுவழக்கு காதில் விழுந்ததாம். அம்மா அவர் வீட்டுக் கொல்லையைச் சுற்றிப் பார்த்து, அவர் மனைவியோடு காபி சாப்பிட்டு, ஒரு கட்டுக் கறிவேப்பிலையோடு திரும்பினாள். அன்றைக்கு அடையாற்றை முழுதாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ஆலமரத்தடிக்கு நடக்க முழங்கால் வலித்த அதே அம்மா, அஷ்டலட்சுமி கோயிலின் குறுகிய படிகளில் அடுக்கடுக்காக ஏறி எட்டு லட்சுமிகளையும் சேவித்தாள். நான் தனலட்சுமியோடு நிறுத்திக்கொண்டேன், மூச்சு வாங்கியது.

கடற்கரையில் பையன் உடைந்த பாலத்துக்குப் போய் ரீல் எடுக்க வேண்டும் என்றான். 1977-இல் இடிந்து விழுந்த பாலத்தில் உனக்கென்ன வேலை என்று அதட்டி, மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். வெள்ளை வளைவாக நிற்கும் ஷ்மிட் நினைவிடத்தைக் காட்டி, மிச்சமிருந்த ஒரே உரையையும் ஆற்றினேன்: 1930-இல் இங்கே மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர் ஷ்மிட் என்ற டென்மார்க்காரர்.

"உனக்கு நீச்சல் தெரியுமாப்பா?" என்றாள் மகள்.

"கணுக்கால் வரைக்கும் தெரியும்" என்று காட்டப் போனேன். ஓர் அலை வந்து இடது செருப்பை உருவிக்கொண்டு போனது. நான் நாலடி பின்னால் ஓடினேன்.

"விடுங்க, செருப்புதானே" என்றாள் மனைவி பஜ்ஜியைப் பிட்டபடி. "இன்னொரு மண்டபம் கட்ட இங்கே இடமில்லை."